பலரும் தூண்டில் வீசும் நீரில் எச்சரிக்கையான ட்ரவுட்: ஈயை எப்படிக் கட்டுவது?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். ட்ரவுட் மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சிபோல் செய்யும் செயற்கை ஈக்களை நானே கட்டத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆட்கள் அதிகம் வராத, வேகமாக ஓடும் சிற்றோடைகளில் என் ஈக்கள் குறை சொல்ல முடியாத அளவுக்கு மீனைக் கொடுத்திருக்கின்றன. கடந்த இரண்டு பருவங்களாக நான் போகும் இடமோ வேறு மாதிரியானது. அணைக்குக் கீழே, அடி தெரியும் தெளிந்த நீர் மெதுவாக நகரும் பகுதி அது. வாரம் முழுவதும் யாராவது ஒருவர் அங்கே தூண்டில் வீசிக்கொண்டே இருக்கிறார். பிடித்த மீனை எல்லாரும் திரும்ப நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆகவே அங்குள்ள மீன்களில் பெரும்பாலானவை ஒருமுறைக்கு மேல் முள்ளில் மாட்டி மீண்டவை. ஒவ்வொன்றும் சூடு கண்ட பூனைதான்.

மீன் வருவதில்லை என்பது என் குறை அல்ல. வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப் போகிறது என்பதுதான். 16-ஆம் எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறியது) கட்டிய ஆடம்ஸ் என்ற மிதக்கும் வகை ஈயை நீரில் விட்டால், மீன் மெதுவாக எழுந்து, ஈக்குக் கீழே மூக்கை வைத்தபடியே இரண்டு முழத் தூரம் நீரோட்டத்தோடு பின்னால் நகர்ந்து வந்து, எந்த அவசரமும் இல்லாமல் தன் பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. அடுத்த நொடியே, என் கண்ணுக்குத் தெரியாத எதையோ நீரின் மேல்மட்டத்திலிருந்து எடுத்து விழுங்குகிறது.

ஈயில்தான் குறை என்று நினைத்து, முள்ளைச் சுற்றிக் கால்கள்போல் விரியும் இறகுச் சுற்றைக் கூட்டினேன், சிறகுகளை இன்னும் திருத்தமாக நிறுத்தினேன், உடலில் கம்பி வரி சேர்த்தேன். என் மேசை விளக்கின் கீழே அவை மிக அழகாக இருக்கின்றன. மீனோ முன்பைவிடச் சீக்கிரம் திரும்பிவிடுகிறது. ஈயைக் கட்டும் முனை நரம்பின் தடிமன் 5எக்ஸ். நான் மாற்ற வேண்டியது அளவையா, நிறத்தையா, அல்லது கட்டும் முறையையேயா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நூலும் இறகும் எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. மேசை விளக்கின் கீழே நாம் ஈயை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்க்கிறோம். மீன் அதைக் கீழிருந்து, நீரின் ஊடாகப் பார்க்கிறது. நமக்கு அழகாகத் தோன்றும் இறகுச் சுற்றும் நிமிர்ந்த சிறகும் மீனுக்குக் கடைசியாகத் தெரிபவை.

நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகத்தான் தெரிகிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள கூம்புக்குள் அத்தனை காட்சியும் அடங்கிவிடுகிறது. சாளரத்தின் அகலம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல இரண்டேகால் மடங்கு, 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 68 செ.மீ. அகலச் சாளரம், 10 செ.மீ. ஆழத்துக்கு ஏறி வந்து மேயும் மீனுக்கு வெறும் 23 செ.மீ. அந்த வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு, ஆற்றின் அடியைத் திருப்பிக் காட்டும் கண்ணாடியாகிவிடுகிறது. அந்தக் கண்ணாடியில் மீனுக்குத் தெரிவது, நீர்ப்படலத்தை அழுத்தும் கால்களின் குழிகளும், படலத்தைத் துளைத்துக் கீழே தொங்கும் உடலும் மட்டுமே.

இப்போது உங்கள் ஆடம்ஸ் ஈயை நினைத்துப் பாருங்கள். இறகு முனைகளின் மேல் உயர்ந்து நிற்பதால், தூரத்திலிருந்து மீனுக்கு ஒளிப்புள்ளிகளின் கூட்டம் தெரிகிறதே தவிர உடல் தெரிவதில்லை. அதே நேரத்தில் அந்த மீன் உண்மையில் தின்றுகொண்டிருப்பது, நீரின் அடியிலிருந்து எழுந்து, படலத்தில் மாட்டிக்கொண்டு, பாம்பு சட்டை உரிப்பதுபோல் தன் பழைய தோலிலிருந்து வெளிவரப் போராடும் பூச்சியாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதை எமர்ஜர் நிலை என்கிறோம். பறக்கவும் முடியாமல் நீந்தவும் முடியாமல் கிடக்கும் அந்த நிலையில் பூச்சி மீனுக்கு மிக எளிய இரை. மீன் எழும்போது கவனியுங்கள்: மூக்கு வெளியே தெரிந்து, பிறகு ஒரு நீர்க்குமிழி மிஞ்சினால் மீன் மேற்பரப்பில் இருப்பதை எடுக்கிறது, முதுகும் வாலும் மட்டும் புரண்டு மறைந்தால் படலத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதை எடுக்கிறது. உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பதே இரண்டாவது வகைக்குச் சாட்சி.

ஆகவே சேர்ப்பதை நிறுத்தி, குறைக்கத் தொடங்குங்கள். நான் இத்தகைய நீருக்குக் கட்டும் ஈயை விரிவாகவே சொல்கிறேன்.

முள் 20-ஆம் எண், தண்டு சற்று வளைந்தது, வாய் அகலமானது. முள்ளை வைஸ் என்னும் இடுக்கியில் பொருத்துவதற்கு முன்பே அதன் நுனியிலுள்ள எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள்; முள் உடைவதானால் அப்போதே உடையட்டும், அரைமணி நேர வேலைக்குப் பிறகு உடைய வேண்டாம். நூல் 50 டெனியருக்கு மேல் வேண்டாம். 9,000 மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம் என்பதுதான் டெனியர் கணக்கு, எனவே எண் குறையக் குறைய நூல் மெல்லியது. பலர் 16-க்குப் பயன்படுத்தும் 70 டெனியர் நூலையே 20-க்கும் பயன்படுத்திவிட்டு, ஈ ஏன் பருத்துப்போனது என்று வியக்கிறார்கள்.

நரம்பைக் கோக்கும் துளையான முள்ளின் காதுக்குப் பின்னால் காதின் அகலத்துக்கு இடம் விட்டுவிட்டு நூலைத் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வளைவு தொடங்கும் இடம் வரை சுற்றுங்கள். அங்கே வாலுக்குப் பதிலாக, மங்கிய பழுப்பு நிறத்தில் பளபளக்கும் செயற்கை இழைகள் நான்கைந்தை, தண்டின் நீளத்தில் பாதி அளவுக்குக் கட்டுங்கள். இதுதான் உரிந்து தொங்கும் தோல். உடலுக்கு அந்த நூலே போதும், அல்லது ஃபெசன்ட் பறவையின் வாலிறகில் ஒரே ஒரு இழை. இழை அறுபடாமல் இருக்க மெல்லிய செம்புக்கம்பியை எதிர்த்திசையில் நான்கு சுற்று சுற்றலாம்.

மார்புப் பகுதிக்கு டப்பிங். திரைப்படக் குரல் மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மென்மயிரை நூலில் முறுக்கி ஏற்றுவதற்கு இந்தக் கலையில் அதுதான் பெயர். உங்களுக்குப் போதும் என்று தோன்றும் அளவை எடுத்து, அதில் பாதியை எறிந்துவிட்டு, மிஞ்சியதில் மீண்டும் பாதியை எறியுங்கள். மிகையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 20-ஆம் எண் முள்ளுக்கு நூலின் நிறம் மாறியதுபோல் தெரிந்தால் அதுவே போதுமான டப்பிங்.

சிறகுக்கு சிடிசி எனப்படும் வாத்து இறகு. வாத்தின் வாலடியில் எண்ணெய் சுரக்கும் சுரப்பியைச் சுற்றி வளரும் இந்த இறகின் நுண்ணிழைகள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இரண்டு இறகுகளின் நுனிகளைச் சேர்த்து மார்புக்கு மேலே கட்டி, தண்டின் நீளத்துக்கு நறுக்கினால் முடிந்தது. இறகுச் சுற்று வேண்டாம், கால்கள் வேண்டாம். சிறகு மட்டும் படலத்துக்கு மேலே நிற்கும். உடலும் தோலும் கீழே தொங்கும்.

இது என் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்கர்களான அல் காச்சியும் பாப் நஸ்டாசியும் தங்கள் கம்பாராடன் ஈயில் இறகுச் சுற்றை முற்றிலும் விட்டுவிட்டு, மான் மயிரை அரைவட்ட விசிறிபோல் நிறுத்தி, உடலை நேரடியாகப் படலத்தின்மேல் கிடத்தினார்கள். அதன் வாலை எடுத்துவிட்டு, உரியும் தோலைக் காட்டும் இழைகளை வைத்தபோது ஸ்பார்க்கிள் டன் என்ற ஈ பிறந்தது. கொலராடோவில் ரிம் சங் உருவாக்கிய ஆர்எஸ்2 ஈயும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஈதான். பலரும் தூண்டில் வீசும் ஆறுகளில் அது இன்றும் ஓய்வு பெறவில்லை.

எதிர்நீச்சல் எழுதியது:

மேலே எழுதியவரின் கட்டும் முறையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் மறுப்புக்கு ஈயின் தோற்றமே முதற்காரணம் என்பதை ஏற்கத் தயங்குகிறேன். அமைதியான நீரில் பலமுறை பிடிபட்ட மீன், ஈயின் தோற்றத்தைவிட அதன் நடையைத்தான் முதலில் சந்தேகிக்கிறது என்பது என் அனுபவம். அருகில் மிதக்கும் இலைத்துணுக்கு எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் ஈயும் போக வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரற்கடை இழுப்பு, ஈக்குக் கீழே மூக்கை வைத்திருக்கும் மீனுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு முழம் தொடர்ந்து வந்து திரும்பியது என்கிறீர்கள். அந்த இரண்டாவது முழத்தின் முடிவில் உங்கள் நரம்பில் தளர்ச்சி தீர்ந்துபோயிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

நரம்புக்கும் முள்ளுக்கும் உள்ள பொருத்தத்தைச் சரிபாருங்கள். முள் எண்ணை மூன்றால் வகுத்தால் வரும் எண்ணை ஒட்டி முனை நரம்பைத் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். 16-க்கு 5எக்ஸ் சரிதான், 20-க்கு 6எக்ஸ் அல்லது 7எக்ஸ். எக்ஸ் எண்ணை 11-இலிருந்து கழித்தால் நரம்பின் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கிடைத்துவிடும்: 5எக்ஸ் என்றால் 6 பங்கு, அதாவது 0.15 மி.மீ.; 7எக்ஸ் என்றால் 4 பங்கு, 0.10 மி.மீ. மெல்லிய நரம்பை மீனால் பார்க்க முடியாது என்பதல்ல இதன் பயன்; அது வளைந்து கொடுப்பதுதான். தடித்த நரம்பில் கட்டிய 20-ஆம் எண் ஈ, கழியில் கட்டிய கன்றுக்குட்டிபோல் நரம்பு போகும் பக்கமெல்லாம் போகும். நீளத்தையும் கூட்டுங்கள். நான் மெதுவான நீரில் முனை நரம்பை 120 செ.மீ.க்குக் குறையாமல் வைத்து, அது வளைவு வளைவாக விழும்படி வீசுகிறேன்.

நிற்கும் இடமும் முக்கியம். நீரோட்டத்தில் மீனுக்குக் கீழ்ப்புறம் நின்று அதன் தலைக்கு மேலாக வீசினால் ஈக்கு முன் நரம்பு அதன் சாளரத்தில் நுழைகிறது. பக்கவாட்டில், நீரோட்டத்தில் சற்று மேற்புறம் நின்று, ஈ முதலில் வரும்படி கீழ்நோக்கி விடுங்கள். மறுத்த மீனின்மேல் மீண்டும் மீண்டும் வீசாதீர்கள். ஐந்து நிமிடம் விட்டுவிட்டால் அது தன் தாளத்தில் மேயத் தொடங்கும், அப்போது விழும் முதல் வீச்சுக்கு இருக்கும் மதிப்பு பத்தாவது வீச்சுக்கு இல்லை.

ஈயைக் கட்டுவதிலும் இழுப்புக்கு இடம் உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். விறைப்பான இறகுச் சுற்று நீரோட்டத்தின் ஒவ்வொரு சுழிப்பையும் பிடித்துக்கொள்ளும். சிடிசி அப்படிச் செய்யாது.

நூலும் இறகும் எழுதியது:

உங்கள் கடைசி வரிக்காகவே முந்தைய வரிகளை எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: இழுப்பால் மறுக்கும் மீன் பெரும்பாலும் கடைசிக் கணத்தில் சட்டென்று, நீரைக் கலக்கிக்கொண்டு திரும்பும். கேள்வி கேட்டவர் சொல்லும் மீன் நிதானமாக ஆராய்ந்துவிட்டு இறங்குகிறது. முதலில் ஈயை மாற்றாமல் நரம்பை மட்டும் நீட்டிப் பார்க்கட்டும். அப்போதும் அதே நிதானமான மறுப்பு தொடர்ந்தால் குற்றம் ஈயினுடையது.

கண்ணாடிக் கிண்ணம் எழுதியது:

வாதத்துக்கு நடுவே ஒரு சிறிய சோதனையைச் சொல்லிவிடுகிறேன். அடி தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் நிரப்பி, ஈயை அதில் மிதக்கவிட்டு, கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் கீழிருந்து பாருங்கள். அல்லது இரண்டு மரக்கட்டைகளின்மேல் வைத்து அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். சாளரத்துக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் கிண்ணத்தின் பக்கச் சுவர் வழியாக, நீர்மட்டத்துக்குக் கீழிருந்து சாய்வாக மேலே நோக்குங்கள். மேற்பரப்பு வெள்ளித் தகடுபோல் மின்னும், அதில் உங்கள் ஈ எதைத் தொங்கவிடுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

இன்னொரு பயன், நிறம். பல நூல்களும் மயிர்களும் நனைந்தவுடன் கறுத்துவிடும். காய்ந்த நிலையில் பூச்சியோடு ஒப்பிட்டுத் தேர்ந்த நிறம், நீருக்குள் இரண்டு படி இருண்டுபோகும். ஆகவே நனைத்துப் பார்க்காமல் எந்த நிறத்தையும் நான் முடிவு செய்வதில்லை.

அத்துடன், நீர்ப்பூச்சிகளை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லெட்டார்ட் என்ற தெளிந்த ஊற்று ஓடையில் தூண்டில் எழுத்தாளர் வின்சென்ட் மரினாரோ இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியபோது, கோடைக்கால மீன்கள் தின்றுகொண்டிருந்தவை கரையிலிருந்து விழும் எறும்பும் தத்துப்பூச்சியும் போன்ற நுண்ணிய நிலப்பூச்சிகள் என்று கண்டார். பத்து பேர் மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் வடிவ ஈயை வீசிவிட்டுப் போன மீனுக்கு, 18-ஆம் எண்ணில் கட்டிய கறுப்பு எறும்பைக் கொடுத்துப் பாருங்கள்: இரண்டு டப்பிங் உருண்டைகள், நடுவே மெலிந்த இடுப்பு, இடுப்பில் இரண்டே சுற்று இறகு. இடுப்பு பருத்துவிட்டால் அது எறும்பு அன்று, வண்டு.

ஓடைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அதற்குள் இரண்டு முறை போய்வந்தேன்.

கிண்ணச் சோதனையில் என் ஆடம்ஸ் ஈ, விருந்துக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பதுபோல் நீரைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தது. ஆலிவ் நிறம் என்று நம்பிய நூல் நனைந்ததும் கரியாகிவிட்டது. முதல் முறை, ஈயை மாற்றாமல் நரம்பை 6எக்ஸுக்கு இறக்கி நீளத்தை இரட்டிப்பாக்கினேன். ஒரு மீன் எடுத்தது, நான்கு முன்போலவே நிதானமாகத் திரும்பின. இரண்டாம் முறை 20-ஆம் எண் சிடிசி ஈயோடு போனேன். முதல் அரைமணி நேரத்தில் மூன்று மீன்கள். அதன்பிறகு ஈ மூழ்கத் தொடங்கியது. வழக்கமான மிதவைக் களிம்பைப் பூசினேன், நிலைமை இன்னும் மோசமாகி, சிறகு நனைந்த பஞ்சாகிவிட்டது. மிதந்தபோதும் அதைக் கண்ணால் பின்தொடர முடியவில்லை. இரண்டுக்கும் வழி உண்டா? மேலும், மேலே எதுவும் எழாத நேரத்தில் பயன்படுத்தும், நீருக்கடியில் வாழும் இளநிலைப் பூச்சியைப் போன்ற என் நிம்ஃப் ஈக்கள் அனைத்திலும் தங்க நிற மணி இருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டுமா?

நூலும் இறகும் எழுதியது:

சிடிசிக்குக் களிம்பு ஆகாது. நுண்ணிழைகள் ஒட்டிக்கொண்டால் காற்றைப் பிடிக்க இடமில்லை. மீனின் வழுவழுப்பை நீரில் நன்றாக அலசி, உலர்ந்த துணியில் ஈயை அழுத்தி நீரை எடுத்து, சிலிக்காப் பொடியில் போட்டுக் குலுக்கி, பொடியை ஊதிவிட்டால் சிறகு மீண்டும் விரியும். அதற்கும் மசியாவிட்டால் ஈயை மாற்றிவிட்டு, நனைந்ததைத் தொப்பியில் காயவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரிய, வெளிர் நிறத்தைத் தேடாதீர்கள். எதிரொளி மினுங்கும் நீரில் வெள்ளையைவிடக் கறுப்புதான் தெளிவாகத் தெரியும். சிறகின் இரண்டு இறகுகளில் ஒன்றைக் கறுப்பாக வைத்தால் மீனுக்கு அது பெரிய வேறுபாடில்லை. பெரிய ஈ ஒன்றை முன்னால் கட்டி அதை அடையாளமாகக் கொள்வோரும் உண்டு, ஆனால் உங்கள் நீரில் அது இழுப்பைத்தான் இரட்டிப்பாக்கும். ஈ இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குள் எந்த மீன் எழுந்தாலும் கழியை மென்மையாக உயர்த்துங்கள். வெட்டி இழுத்தால் 6எக்ஸ் தாங்காது.

மணியைப் பற்றி: எல்லாப் பெட்டியிலும் தங்க மணி இருக்கும் ஆற்றில் அது உணவின் அடையாளமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. இங்கிலாந்தின் ஏவான் ஆற்றைக் காத்துவந்த ஃபிராங்க் சாயர் தன் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் ஈயில் நூலைக்கூடப் பயன்படுத்தவில்லை. செம்புக்கம்பியே நூல், அதுவே எடை, வாலிறகின் இழைகளே வாலும் உடலும். நீந்தும்போது அந்த இளநிலைப் பூச்சி கால்களை உடலோடு ஒட்டிக்கொள்வதைக் கவனித்திருந்ததால் கால்களையும் விட்டுவிட்டார். 18-இல் கட்டி மணியில்லாமல் விடுங்கள். மிட்ஜ் என்ற கொசு போன்ற நுண்பூச்சியின் புழுவுக்கு 22-ஆம் எண் முள்ளில் கறுப்பு நூலும் வெள்ளிக்கம்பி வரியும் போதும். ஆழம் வேண்டுமானால் எடையை ஈயில் சேர்க்காமல், அதற்கு 30 செ.மீ. மேலே நரம்பில் சிறு ஈயக்குண்டாக வையுங்கள்.

எதிர்நீச்சல் எழுதியது:

நான்கு மீன்கள் நிதானமாகத் திரும்பின என்று எழுதியிருக்கிறீர்கள்; என் பந்தயத்தில் பாதியை இழந்தேன். ஒன்று எடுத்ததே, அந்தப் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோடை வருவதால் ஒன்று சேர்க்கிறேன். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸை எட்டிவிட்டால் ஈயைப் பெட்டியிலேயே வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி குறைவு. போராடிக் களைத்த ட்ரவுட் நம் கையிலிருந்து நீந்திப்போனாலும் பிறகு பிழைக்காமல் போகலாம். அந்த நாட்களில் விடியற்காலையில் வெப்பமானியோடு போங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

நேற்று விடியற்காலையில் நீர் 14 பாகை. கறுப்பு இறகு சேர்த்த சிறகு உண்மையிலேயே தெரிகிறது. ஐந்து மீன்கள் எழுந்தன, மூன்று எடுத்தன. நான்காவது, என் ஈயை இரண்டு முழம் தொடர்ந்து வந்து, அதே பழைய நிதானத்தோடு திரும்பியது. ஆத்திரத்தில் பெட்டியிலிருந்த பழைய ஆடம்ஸ் ஒன்றை எடுத்து, அடிப்பக்க இறகுகளை உடலோடு ஒட்ட நறுக்கிவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்து விட்டேன். அது நீரோடு படிந்து மிதந்தது. மீன் தயங்காமல் எடுத்தது. மீதமிருந்த இருபத்தேழு ஆடம்ஸ் ஈக்களின் அடிப்பக்கத்தையும் நேற்றிரவே நறுக்கிவிட்டேன்.